சதயத்தில் அடைத்த அறை

பூரணி இறந்த இருபத்து நான்காம் நாள், அவளுடைய அம்மாவைப் பூமிக்குத் திருப்பி அனுப்பப்போவதாகப் பதிவகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. காரணம் ஒரே வரி. ஸ்பான்சர் தன் முகவரி மாறியதைப் பத்து நாட்களுக்குள் தெரிவிக்கவில்லை.

ஸ்பான்சர் நான். முகவரியை மாற்றியதாக எனக்கு நினைவில்லை.

நாங்கள் இருப்பது நிலவின் தென்முனையில், தரைக்கு அடியில். ஆறாயிரம் பேர். இங்கே தெருப் பெயரும் கதவு எண்ணும் பேச்சுக்குத்தான். ஒவ்வொரு படுக்கையறைக்கும் ஒரு காற்றுக்குழாய் உண்டு. அந்தக் குழாயின் எண்தான் அங்கே தூங்குபவரின் முகவரி. அறையில் ஆள் இருந்தால் காற்று கூடுதலாகப் போகும், இல்லையென்றால் குறையும். எந்தக் குழாயில் எவ்வளவு போகிறது என்று பதிவகத்துக்கு எப்போதும் தெரியும்.

அந்தக் குழாய்களைப் பராமரிப்பது என் வேலை. என் மனைவி பூரணி பள்ளியில் கணக்கு டீச்சர். அவளுடைய பணித்தரத்துக்கு ஒருவரை வரவழைக்கும் உரிமை கிடையாது, என்னுடையதற்கு உண்டு. அதனால் ஏழு வருடத்துக்கு முன் அத்தையை வரவழைத்த பத்திரத்தில் இருப்பது என் கையெழுத்து. பூரணி போனாலும் அது செல்லும். அத்தை இருக்கும்வரை, அல்லது நான் இருக்கும்வரை.

அறிவிப்பை இரண்டு முறை படித்தேன். பிறகுதான் நான் எங்கே தூங்கிக்கொண்டிருக்கிறேன் என்று யோசித்தேன்.

பூரணி பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு இறந்தாள். மூளையில் ஒரு ரத்த நாளம் வெடித்தது. தலை வலிக்கிறது என்று கட்டிலில் சாய்ந்தாள், அவ்வளவுதான். இங்கே உடலை எரிக்க முடியாது. எரிக்கும் அளவுக்குக் காற்று தரமாட்டார்கள். வெளியே, கற்களுக்கு நடுவில் வைத்துவிட்டு வந்தோம். திரும்பி வந்தபோது எங்கள் அறைக் கதவில் அத்தை பூட்டுப் போட்டிருந்தார்.

"அந்த ரூமுக்குள்ள போகாதிய மாப்ள."

அத்தை என்னோடு நேரடியாகப் பேசிய முதல் வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன். திருநெல்வேலிப் பக்கம் சில வீடுகளில் மாமியார் மருமகனிடம் முகம் பார்த்துப் பேசுவதில்லை. ஏழு வருடம் எல்லாம் பூரணி வழியாகத்தான் வந்தது. 'அவுகளுக்கு இன்னும் ரெண்டு தோசை வேணுமான்னு கேளு.' நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருப்பேன். பூரணி திரும்பி என்னிடம் கேட்பாள், முகத்தில் சிரிப்பு வராமல்.

"ஏன் அத்தை?"

"சதயத்துல போயிருக்கா. அடைப்பு. ஆறு மாசத்துக்குத் திறக்கப்படாது. திறந்தா வீட்டுல இன்னொண்ணைக் கொண்டுபோயிரும்."

சில நட்சத்திரங்களில் சாவு விழுந்தால் அந்த அறையை மாதக்கணக்கில் அடைத்துவைப்பார்கள். கேள்விப்பட்டிருக்கிறேன். வாதம் செய்யும் நாள் அல்ல அது. ஆனாலும் வாய் தானாகப் பேசியது.

"நட்சத்திரம்னா சந்திரன் வானத்துல எங்க நிக்குதுங்கிறதுதான் அத்தை. பூமியில நின்னு பாக்கணும். நாம சந்திரன் மேலயே இருக்கோம். இங்க அது எப்படிப் பொருந்தும்?"

"சந்திரன் சதயத்துல நிக்குதுல்லா?"

"கீழ இருந்து பாத்தா, ஆமா."

"நாம சந்திரன்ல நிக்கோம்லா?"

"ஆமா."

"அப்போ நாமளும் சதயத்துலதான நிக்கோம். அங்க இருக்கவுகளுக்கு அது எங்கயோ தூரத்துல. நமக்குக் காலுக்குக் கீழ. நமக்குத்தான் ஜாஸ்தி."

பொறியியல் படித்த நான் கதவை விட்டு நகர்ந்தேன்.

வீட்டில் இரண்டு அறைகள். ஒன்று எங்களுடையது, இன்னொன்று அத்தையுடையது. நடுவில் ஒரு நடை, ஒரு மடக்கு மேசை, அடுப்படி. எனக்குப் படுக்க இடமில்லை. இரவு ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டேன். பகலில் காற்று நிலையத்திலேயே, கருவிகள் வைக்கும் அறைப் பெஞ்சில் படுத்தேன். மதியம் பன்னிரண்டுக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவேன். என் சட்டைகள் அங்கே நடையில் இருந்தன. சோறு அங்கே இருந்தது. அதை வீடு மாறியதாக எனக்குத் தோன்றவில்லை.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அடுப்படிக்குள்ளிருந்து அத்தையின் குரல் வந்தது.

"குழம்பு போதுமான்னு கேளு."

கேட்க ஆளில்லை.  நான் "போதும்" என்றேன்.

பதிவகத்தில் என் கோப்பு மரியபுஷ்பம் என்ற பெண் அதிகாரியிடம் இருந்தது. ஐம்பதை ஒட்டிய வயது. தூத்துக்குடிக்காரர். பெயரைப் பார்த்தவுடன் தமிழில் ஆரம்பித்துவிட்டார்.

"கோமதிநாயகம். உக்காருங்க தம்பி. வீட்டுல நடந்தது பாத்தேன். கஷ்டமா இருந்துச்சு."

"சரிங்க."

"எங்க தூங்குறீங்க?"

சொன்னேன். அடைப்பையும் சொன்னேன். அவர் கேலி செய்வார் என்று நினைத்தேன். செய்யவில்லை.

"நாங்க வேதக்காரங்க. எங்களுக்கு அடைப்பு கிடையாது. ஆனா எங்க மாமியா, மாமா செத்த கட்டிலை வருசம் பூரா யாரையும் தொட விடல. அது கிடக்கட்டும். பத்து நாள் விதி தெரியும்லா உங்களுக்கு? ஏர் டெக்னீசியனுக்கே தெரியாதா?"

"தெரியும். எனக்குன்னு தோணல."

"உங்க ரூம் குழாய் இருபத்துமூணு நாளா பூஜ்யம் காட்டுது. ஸ்பான்சர் இல்லாத வீட்டுல அவர் கூட்டிட்டு வந்தவங்க மட்டும் தனியா இருக்க முடியாது. ரெண்டு ரூம் வீடு தனி ஆளுக்குக் கிடையாது. நீங்க இப்ப மாத்தி எழுதிக் குடுத்தாலும் அந்த வீடு போயிரும். வீடு போனா அத்தைக்கு முகவரி இல்ல. முகவரி இல்லாட்டி அடுத்த கப்பல்."

"அவங்க இதயம் பூமி ஈர்ப்பைத் தாங்காதுன்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்கார்."

"பாத்தேன். ஸ்பான்சரோட இருக்கிற வரைக்கும்தான் அந்தச் சீட்டு செல்லும்."

"இது கொடுமையா இல்லையாங்க?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"தம்பி, ஒன்பது வருசத்துக்கு முன்னால வடக்குப் பகுதியில ஓட்டை விழுந்துச்சு. ரூம் ரூமா அடைச்சுட்டே வந்தாங்க. ஆள் இருக்கிற ரூமை முதல்ல காலி பண்ணணும், இல்லாத ரூமை அப்படியே அடைக்கணும். அப்ப இந்தக் குழாய்க் கணக்கு கிடையாது, எது எதுன்னு பட்டியலைப் பாத்து வாசிக்க ஒரு ஆள். நாற்பத்திரெண்டு, காலி. அடைச்சாங்க. உள்ள மூணு பேர் இருந்தாங்க. சொந்தக்காரன் ரூமுக்கு வந்து படுத்திருக்காங்க, யார்கிட்டயும் சொல்லல." சற்று நிறுத்தினார். "வாசிச்சது நான்தான்."

பேனாவை மறுபடி எடுத்தார்.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வர்றேன். கதவு பக்கத்துல இருக்கிற பெட்டியைப் படிக்கணும். அதுல ஆள் இருந்த அடையாளம் இருந்தா நான் எதாவது பண்ணலாம். இல்லாட்டி என் கையில ஒண்ணுமில்ல."

அந்தப் பெட்டியை நானே நூறு வீடுகளில் பொருத்தியிருக்கிறேன். உள்ளங்கை அளவு இருக்கும். அறைக்குள் விடப்படும் மூச்சு அதில் ஒரு மாதத்துக்குப் பதிந்திருக்கும். தீ விபத்து வந்தால் பார்ப்பதற்காக வைத்தது. நேரில் வந்துதான் படிக்க முடியும். அழிக்க முடியாது, மாற்ற முடியாது. யாருடைய மூச்சு என்று அதற்குத் தெரியாது. இருந்ததா, இல்லையா, அவ்வளவுதான்.

என் அறையில் இல்லை. அது எனக்குத் தெரியும்.

அன்று மதியம் மேசையில் சோறு இருந்தது. நான் உட்காரவில்லை.

"அத்தை, ரூமைத் திறக்கணும்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"எதுக்கு?"

சொன்னேன். கப்பல், முகவரி, பத்து நாள். அத்தை வாசல்வரை வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். நெற்றியில் சுக்குப் பற்றுப் போட்டிருந்தார்.

"பூமிக்குப் போனா எத்தனை நாள் இருப்பேன்னு டாக்டர் சொன்னாரு?"

"அப்படியெல்லாம் சொல்லல."

"பூரணிகிட்ட சொல்லியிருக்காரு. இறங்குறதுக்குள்ளயே போயிரும்னு. அவ என்கிட்ட மறைச்சா. மூஞ்சியில தெரிஞ்சிச்சு, கணக்கு டீச்சருக்குப் பொய் சொல்லத் தெரியாது." அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "நான் போயிருதேன் மாப்ள. எனக்கு அறுபத்தொண்ணு. கதவைத் திறக்க மட்டும் விடமாட்டேன்."

"அது வெறும் நம்பிக்கை, அத்தை."

"இருக்கட்டும். இந்த வீட்டுல மிச்சம் ரெண்டு பேரு. அது எடுத்தா யாரை எடுக்கும்? கிழவியையா எடுக்கும்? போன தடவை எடுக்கலியே."

நான் அவரிடம் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நீங்களும் போனால் எனக்கு யார் இருக்கிறார்கள், அப்படி ஏதாவது. மனதில் அது இருந்ததா என்றுகூடத் தெரியவில்லை. "சோறு ஆறுது" என்றேன். உட்கார்ந்து சாப்பிட்டேன்.

மறுநாள் பத்து மணிக்கு மரியபுஷ்பம் வந்தார். நான் ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தேன். அத்தை சுக்குக் காப்பி கொடுத்தார். கப்பலேற்ற வந்தவருக்குக் காப்பி கொடுக்கிறார் என்று நினைத்தேன். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவேயில்லை.

"கருப்பட்டி போட்டிருக்கீங்களா பெரியம்மா?"

"இங்க ஏது கருப்பட்டி? அது இங்கத்துச் சர்க்கரை. கண்ணை மூடிட்டுக் குடிங்க, கருப்பட்டி மாதிரி இருக்கும்."

"கண்ணை மூடினாலும் இல்ல."

"அப்ப மூக்கையும் மூடிக்கிடுங்க."

மரியபுஷ்பம் சிரித்துவிட்டார். பிறகு டம்ளரை வைத்துவிட்டு எழுந்து பூட்டிய கதவின் பக்கம் போனார். பெட்டியில் கருவியைச் செருகினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாமான் எதையெல்லாம் கப்பலில் அனுமதிப்பார்கள் என்று யோசித்தேன். ஒன்பது கிலோ.

அவர் நீண்ட நேரம் படித்தார்.

"தம்பி, ரூம்ல ஆள் இருந்திருக்கு."

நான் நிமிர்ந்தேன்.

"மூணாம் நாள்ல இருந்து தினமும். பகல் ரெண்டு மணிக்கு மேல. சில நாள் நாலு வரைக்கும், சில நாள் அஞ்சு. நேத்துக்கூட இருந்திருக்கு."

அடுப்படியில் சத்தமே இல்லை. நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் மரியபுஷ்பமும் திரும்பியிருப்பார்.

பகல் இரண்டு மணிக்கு நான் கருவி அறைப் பெஞ்சில் படுத்திருப்பேன். வீட்டில் ஒரே ஒருவர்தான் இருப்பார். சாவி அவர் இடுப்பில் இருந்தது.

"யார் அது?" மரியபுஷ்பம் கேட்டார். குரல் மாறவில்லை. "பெரியம்மாவுக்கு அடுத்த ரூம்தான் முகவரி. அவங்க இங்க வந்து உக்காந்தா அது கணக்குல சேராது. நீங்கன்னா சேரும்."

"நான்தான்" என்றேன்.

"நிலையத்துல தூங்குறேன்னு சொன்னீங்க."

"அங்க தூக்கம் வராது. ரெண்டு மணிக்கு இங்க வந்துருவேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு."

பொய் இவ்வளவு எளிதாக வரும் என்று எனக்குத் தெரியாது. இருபத்து நான்கு நாட்களில் நான் பேசிய நீளமான பேச்சும் அதுதான்.

"ஆள் இருந்தும் குழாய் ஏன் பூஜ்யம் காட்டுது?"

 ஆள் இல்லாத அறைக்கும் கொஞ்சம் காற்று போய்க்கொண்டேயிருக்கும், பூஜ்யம் ஆகாது. என் தொழிலில் முதல் நாள் கற்றுக்கொள்வது அது. நிலையத்தின் திரையில் என் அறையின் பூஜ்யத்தைப் பல நாட்கள் பார்த்திருக்கிறேன். காலி அறை, சரிதான் என்று விட்டிருக்கிறேன்.

"குழாய் வாயை எதுவோ அடைச்சிருக்கு" என்றேன். அது உண்மை.

"காத்து ரொம்பக் கெட்டுப்போயிருக்கு தம்பி. இந்த அளவுல தினம் ரெண்டு மணி நேரம் இருந்தா தலை பிளந்துரும். உங்களுக்குத் தலைவலி இருந்துச்சா?"

அத்தையின் நெற்றிப் பற்று. இரண்டு வாரமாகப் பார்க்கிறேன். அழுததால் என்று நினைத்திருந்தேன்.

"இருந்துச்சு."

மரியபுஷ்பம் என்னைப் பார்க்கவில்லை. அடுப்படி வாசலைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அங்கே யார் எப்படி நின்றார்கள் என்று எனக்குத் தெரியாது. பிறகு எழுதத் தொடங்கினார்.

"குழாய்ப் பழுது. முகவரி மாற்றம் இல்லை. இன்னைக்கே சரி பண்ணிருங்க. மெக்கானிக்கைத் தேட வேண்டாம்லா?" கையெழுத்துப் போட்டுக் கருவியை மூடினார். வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். "தம்பி, நான் ஒரு தடவை பொய்ப் பட்டியலை வாசிச்சிட்டேன். இனிமே முடியாது. இன்னைக்கு ராத்திரிக்குள்ள இது உண்மையாகணும். நான் சொல்றது விளங்குதா?"

"விளங்குது."

"வர்றேன் பெரியம்மா. காப்பி நல்லால்ல."

"அடுத்த தடவை மிளகு தட்டிப் போடுதேன்" என்றது உள்ளிருந்து குரல்.

அவர் போனபின் அத்தை வெளியே வந்தார். சாவியை மேசைமேல் வைக்கவில்லை. தானே கதவைத் திறந்தார்.

அறை மாறவில்லை. கட்டிலில் பூரணியின் தலை பட்ட குழி தலையணையில் அப்படியே இருந்தது. கட்டிலில் யாரும் உட்கார்ந்ததாகத் தெரியவில்லை. கீழே, சுவர் ஓரமாக ஒரு பாய். உள்ளே காற்று கனத்து, வெதுவெதுப்பாக இருந்தது. கூரையோரம் குழாய் வாயில் பூரணியின் பச்சைச் சேலை. பந்தாகச் சுருட்டித் திணித்திருந்தது. முக்காலி போட்டு ஏறியிருப்பார்.

"இங்க காத்தை உறிஞ்சி எடுத்து, கழுவி, ஊருக்கெல்லாம் குடுத்துருவாங்கன்னு அவதான் சொல்லுவா" என்றார் அத்தை. "நீங்க செய்யிற வேலையைப் பத்தி ஒருநாள் விளக்கமாச் சொன்னா. அதான் பூட்டுததுக்கு முன்னாலயே அடைச்சிட்டேன். அவ விட்ட மூச்சை எதுக்கு ஊருக்குக் குடுக்கணும்? எதிர்த்த வீட்டுக்காரன் குறட்டை விடுததுக்கா?"

நான் சேலையைப் பார்த்தேன்.

"ஒருநாள் உக்காந்துட்டு வந்துரலாம்னுதான் போனேன். அப்புறம் விட முடியல. உள்ள அவ மூச்சு இருக்கு, கொஞ்சம் கொஞ்சமா இழுத்தேன். தீந்துரும்னு பயந்து மெல்ல இழுத்தேன்." என்னைப் பார்த்தார். "இன்னும் இருக்குமா மாப்ள? உங்களுக்குத்தான் தெரியும்."

எனக்குத் தெரியும். கதவுக்கும் தரைக்கும் நடுவில் நான்கு மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. அந்த அளவை எல்லா வீட்டிலும் நாங்கள்தான் விடுகிறோம். அறையில் அன்று இருந்த காற்று இரண்டே நாளில் அதன் வழியாக வெளியே போயிருக்கும். அத்தை உள்ளே வந்தது மூன்றாம் நாள். இத்தனை நாளும் அவர் இழுத்தது தான் விட்ட மூச்சைத்தான்.

"கொஞ்சம் இருக்கும்" என்றேன்.

அத்தை தலையாட்டினார். நான் முக்காலியை எடுத்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"நீங்க ஏறாதிய. நானே எடுக்கேன். அடைப்பைத் திறந்தவளுக்குத்தான் தோஷம். மூணாம் நாளே நான் திறந்தாச்சு, அது எனக்குன்னு ஆயிட்டு. உங்களுக்கு ஒண்ணும் வராது."

"நேத்து அப்படிச் சொல்லலியே."

"நேத்து நான் திறந்தது உங்களுக்குத் தெரியாதுல்லா."

ஏறினார். முக்காலியை நான் பிடித்துக்கொண்டேன். சேலையை இழுத்தபோது காற்று சத்தத்தோடு உள்ளே வந்தது. அத்தை கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் அதன் எதிரிலேயே நின்றார். இறங்கியபோது சேலையை என்னிடம் தரவில்லை. தோளில் போட்டுக்கொண்டார்.

"படுங்க" என்றார். "அந்தம்மா சொன்னதைக் கேட்டியள்லா? இன்னைக்கே உண்மையாகணும்."

மணி பதினொன்றுகூட ஆகவில்லை. ஷிப்ட் முடிந்து வந்தவன், உடம்பில் தூக்கம் இருந்தது. பூரணி படுக்கும் பக்கத்தை விட்டுவிட்டு என் பக்கத்தில் படுத்தேன். கதவைச் சாத்திவிட்டுப் போவார் என்று நினைத்தேன். அது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் ஞாபகமில்லை.

கண்விழித்தபோது ஐந்து தாண்டியிருந்தது. கதவு திறந்தே இருந்தது. அத்தை நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் சேலை. அவர் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர், தொடாமல் இருந்தது. காலையிலிருந்து அங்கேயே இருந்திருக்க வேண்டும்.

"என்ன அத்தை?"

"ஒண்ணுமில்ல. மூச்சு வருதான்னு பாத்துட்டு இருந்தேன்."

"வந்துச்சா?"

"வந்துச்சு. நல்லா வந்துச்சு." நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். "குறட்டையும் வருது. இவ்வளவு சத்தமா விடுவியன்னு பூரணி ஒருநாள்கூடச் சொன்னதில்லையே."

"என்கிட்டயும் சொன்னதில்ல" என்றேன்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அத்தை உள்ளே வரவில்லை. போகவும் இல்லை.